உன் பெயரில் இருந்த ஊசித்தட்டான்

மகனே,

நீங்கள் மூன்று பேரும் போய்ச் சேர்ந்து சில மாதங்களாகிவிட்டன; இந்நேரம் அந்த ஊர்க் குளிரில் மகளுக்குக் கம்பளித் தொப்பி தேடிக்கொண்டிருப்பீர்கள். விமான நிலையத்துக்கு வெளியே வண்டிகள் வந்து நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டு கடைசி வரைக்கும் நின்றாய் என்று உன் மனைவி எழுதியிருந்தாள். "அம்மா வந்துருவாங்க, குருவிட்டயில பஸ் லேட்டாகியிருக்கும்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாயாம். பஸ் தாமதமாகவில்லை. நான் ஏறவே இல்லை. ஒரே பிள்ளை நாட்டை விட்டுப் போகிற நாளில் பெற்றவள் எங்கே போய்த் தொலைந்தாள் என்று உன் மாமனார் வீட்டார் கேட்டதற்கு நீ வாயைத் திறக்கவில்லையாம். நீ எப்படித் திறப்பாய், உனக்கே தெரியாதே. நான் ஓடைக்குப் போயிருந்தேன். முன்பு உன் பெயர் வைத்து, பிறகு நானே அந்தப் பெயரைப் பிடுங்கிவிட்ட ஊசித்தட்டான் பூச்சியைத் தேடிப் போயிருந்தேன். அந்தப் பெயரை உனக்குத் திருப்பித் தர எனக்கு அந்த ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது.

இதை உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்பாமல் பத்திரிகையில் போடக் கொடுத்ததற்கு என்மேல் கோபப்படாதே. கோபப்பட்டாலும் சரி, போடத்தான் போகிறேன். நாலு பேர் முன்னால் உன்னைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை நான் சொன்னதில்லை. தனியாக இருக்கும்போது தலையைத் தடவுவேன், சோறு போடுவேன், நீ தூங்கிய பிறகு உன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வெளியில் மட்டும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். தன் பிள்ளையைத் தானே புகழ்கிறாள் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். அந்தப் பயத்தை நேர்மை என்று நினைத்துக்கொண்டு ஒரு ஆயுளைக் கழித்திருக்கிறேன். ஆகவே இந்த ஒரு முறையாவது ஊர் கேட்கட்டும்.

நான் யாரென்று தெரியாமல் வாசிப்பவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் இரத்தினபுரிப் பக்கம், குருவிட்டைக்கு மேலே உள்ள ஒரு றப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவரின் மகள் நான். மரத்தில் கட்டிய சிரட்டைக்குள் வடியும் பாலில் பூச்சிகள் விழுந்து செத்துக் கிடக்கும். என் அப்பா விரலால் வழித்து எறிவார். நான் பின்னாலேயே போய்ப் பொறுக்குவேன். பால் காய்ந்துவிட்டால் காலும் சிறகும் கழன்று வந்துவிடும், ஈரத்தோடு எடுத்துக் கழுவ வேண்டும் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்பே எனக்குத் தெரியும். படித்தேன், பட்டம் வாங்கினேன், அருங்காட்சியகம் ஒன்றின் பூச்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். தோட்டத்திலிருந்து அந்த வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். அந்தப் பிரிவில் முதல் பெண்ணும் நான்தான். அங்கே இருந்த தட்டான்களும் ஊசித்தட்டான்களும் அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரைமார் பொழுதுபோக்குக்குப் பிடித்துக் குத்தி வைத்தவை. பாதிக்கு ஊர் தெரியாது, பாதிக்கு வால் கிடையாது. அவற்றைத் தூசி தட்டி, இனம் பிரித்து, இல்லாதவற்றைக் காட்டிலும் ஓடையிலும் இறங்கிப் பிடித்துச் சேர்த்து, மழை மிகுந்த இந்த ஈரவலயத்துத் தட்டான்களுக்கு ஒரு முறையான வரிசையை உண்டாக்கினேன். வெளிநாட்டில் இந்தத் துறையில் இருப்பவர்கள் என் பெயரைச் சொன்னால் தெரியும் என்பார்கள். நம் தோட்டத்தில் கேட்டால் "ஆமா, அந்தப் பூச்சியம்மா" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான், ஒன்றிலும் பெரிதாக ஒன்றுமில்லை.

நீ வயிற்றில் இருக்கும்போது லீவு போட்டுவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். சும்மா இருக்க முடியவில்லை. லயத்து வீடுகளில் இருக்கும் பெண்கள் குளிக்கும் பீலிக்கு, அந்த மலைத்தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஓடை ஒன்று வருமே, அங்கே வலையை எடுத்துக்கொண்டு போனேன். மாரியம்மா, என்னோடு படித்தவள், அப்போது பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போய்க்கொண்டிருந்தாள், வழி மறித்தாள். "வயித்துப் புள்ளக்காரி உச்சி நேரத்துல ஓடப் பக்கம் போவலாமா? முனி நிக்கிற எடம்டி அது." "என்னையப் பாத்தா முனி ஓடிரும் போ" என்று சொல்லிவிட்டு ஏறினேன். அங்கேதான் அதைப் பார்த்தேன். ஈர்க்குச்சியை விட மெல்லிய உடம்பு, கறுப்பு, வால் முடியும் இடத்தில் மட்டும் வெளிறிய நீலம். வெயிலுக்கு வராது, நிழலில் தொங்கும் வேரில் உட்கார்ந்திருக்கும், விரட்டினால் ரெண்டடி பறந்து மறுபடி அதே வேருக்கு வரும். அந்த ஓடையை விட்டு அது எங்கும் போகாது. அந்த வகையை அதற்கு முன் யாரும் எழுதவில்லை என்று நான் உறுதி செய்துகொள்வதற்குள் நீ பிறந்து தவழ ஆரம்பித்துவிட்டாய். புதிய வகைக்குக் கண்டுபிடித்தவர் தன் பெயரையே வைத்துக்கொள்வது வழக்கமில்லை. வேறு யார் பெயரையும் வைக்கலாம். உன் பெயருக்கு ஒரு லத்தீன் வாலைச் சேர்த்து வைத்தேன். கண்டபோது நீயும் கூட இருந்தாய்தானே. உங்கப்பா தான் படிப்பித்த தோட்டப் பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் டொபி கொடுத்தார்.

இந்த ஊசித்தட்டான்களில் ஒரு வகையிலிருந்து இன்னொன்றைப் பிரித்துச் சொல்வது ஆணின் வால் நுனியை வைத்துத்தான். அங்கே ஒரு சின்ன இடுக்கி இருக்கும். மற்றதெல்லாம் ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும், இடுக்கி மட்டும் வகைக்கு வகை வேறு. நான் அந்த முதல் ஆணின் வால் நுனியை வெட்டி, படம் வரைந்துவிட்டு, சின்ன அட்டையில் ஒட்டி, அதே ஊசியில் பூச்சிக்குக் கீழே குத்தி வைத்தேன். எதனால் ஒட்டினேன் தெரியுமா? கோதுமை மாவைக் காய்ச்சின பசையால். அலுவலகத்துப் பசை காய்ந்து கட்டியாகிவிட்டிருந்தது. லயத்தில் சுவருக்குக் காகிதம் ஒட்டுவதிலிருந்து பட்டம் ஒட்டுவது வரைக்கும் நாங்கள் ரொட்டிக்கு வாங்கின மாவைத்தான் காய்ச்சுவோம். எனக்கு அதுதான் கைவந்தது. மாவுப் பசையைப் பூச்சி தின்னும் என்று பூச்சி படித்த எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வீண் செலவு எதற்கு, இது நன்றாகப் பிடிக்கிறதே என்று நினைத்தேன்.

நீ வளர்ந்தாய். "என் பேர்ல ஒரு தட்டான் இருக்கு" என்று பஸ் கொண்டக்டரிடம்கூடச் சொல்வாய். அவர் "அப்ப தட்டானுக்கு டிக்கட் வாணாமா?" என்பார். வார நாட்களில் நான் நகரத்தில், நீயும் அப்பாவும் தோட்டத்தில். நான் இல்லாத வீட்டில் அந்தப் பெயர்தான் உனக்குத் தாயாக இருந்ததென்று அப்பா ஒருமுறை சொன்னார். அவர் அப்படியெல்லாம் பேசுகிறவர் இல்லை. நான்தான் அதைச் சிரித்துக் கடத்திவிட்டேன்.

உனக்கு மீசை அரும்பும் முன், ஒரு பழைய இழுப்பறையின் அடியில் ஒரு துரை பிடித்த ஊசித்தட்டான் ஒன்று அகப்பட்டது. ரொம்பப் பழையது, நிறம் போய்க் காப்பித்தூள் மாதிரி ஆகிவிட்டிருந்தது. சிறகு நரம்பு, கழுத்து எல்லாம் நம்முடையதைப் போலவே இருந்தது. வால் நுனி மட்டும் இல்லை, எப்போதோ உடைந்து போயிருந்தது. துரை அதற்கு எப்போதோ ஒரு பெயர் வைத்து அச்சிலும் ஏற்றிவிட்டிருந்தார். இரண்டும் ஒன்று என்றால் முந்தின பெயர்தான் நிற்கும், பிந்தின பெயர் செத்துவிடும். தோட்டத்தில்தான் துரைக்கு முதலிடம் என்று பார்த்தால் பூச்சியிலும் அப்படித்தான். எனக்கு மேலே இருந்த அதிகாரி பார்த்துவிட்டுச் சிரித்தார். "என்னங்க, ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் தெரியுது. புள்ள பேர விட மனசு வராதே!" வேடிக்கையாகத்தான் சொன்னார். அது எனக்கு உடம்பெல்லாம் சுட்டது. வால் நுனியுள்ள இன்னொரு துரைப் பூச்சி எங்காவது இருக்கிறதா என்று தேடும் வரை நான் பொறுத்திருக்க வேண்டும். வேறு யாருடைய பெயராக இருந்தாலும் பொறுத்திருப்பேன். உன் பெயர் என்பதால் பொறுக்கவில்லை. இரண்டும் ஒன்றே, நான் வைத்த பெயர் செல்லாது என்று நானே எழுதி அச்சுக்கு அனுப்பினேன். என்ன நேர்மை என்று எல்லோரும் பாராட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்கு வந்து உன்னிடம் சொன்னேன். நீ சாப்பிட்டுக்கொண்டிருந்தாய்.

"அப்ப அது இப்ப யாரு பேரும்மா?"

"ஒரு துரை வச்ச பேருப்பா. அவருதான் மொதல்ல கண்டது."

"நம்ம ஓடையிலயா கண்டாரு?"

"அது தெரியல. எங்கேயோ."

"எங்கேன்னு தெரியாமலே ஒண்ணுன்னு சொல்லிட்டீங்களா?"

உன் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றினேன். நீ கேட்டது சரியான கேள்வி. அந்தத் துறையில் இருந்த யாரும் அதை என்னிடம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு நீ யாரிடமும் தட்டானைப் பற்றிப் பேசியதை நான் கேட்டதில்லை.

இதோடு நின்றிருந்தால் ஒரு பூச்சியின் பெயர்தானே என்று விட்டிருக்கலாம். நீயும் விலங்கியல் படித்தாய். நான் சொல்லிக்கொடுத்து அல்ல, நான் வீட்டில் இருந்தால்தானே சொல்லிக்கொடுக்க. என் பிரிவிலேயே உதவியாளர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள், நீயும் மனுப்போட்டாய். தேர்வுக் குழுவில் இருந்து நான் விலகிக்கொண்டேன். அது சரியான செயல், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் தேநீர் குடிக்கும்போது குழுத் தலைவர் மரியாதையாகத்தான் கேட்டார்: "உங்க மகன் இந்த வேலைக்கு எப்படி?" வலையில் விழுந்த பூச்சியை நீ எடுக்கும் விதத்தை நான் பார்த்திருக்கிறேன், உன் விரலில் ஒரு சிறகும் கசங்கியதில்லை. உட்காரும் விதத்தைப் பார்த்தே தூரத்திலிருந்து இனம் சொல்லுவாய். இதை அப்படியே சொல்லியிருந்தால் அதில் ஒரு சொல்லும் பொய் இருந்திருக்காது. நான் சொன்னது: "மத்தவங்களப் போலதாங்க சேர்." வேலை வேறொருவருக்குப் போனது. நான் சொன்னது உன் காதுக்கு வந்தது. இரத்தினபுரி பஸ் நிலையத்தில் என்னை ஏற்றிவிட வந்த நீ, "பொய் சொல்லுங்கன்னு நான் கேக்கலம்மா. உண்மையச் சொல்லியிருக்கலாமே" என்றாய். பஸ் கிளம்பிவிட்டது. நான் ஜன்னல் வழியாகக் கையைக்கூட ஆட்டவில்லை.

பிறகு நீ ஆடைத் தொழிற்சாலைக் களஞ்சியத்தில் பெட்டி எண்ணினாய். விலைவாசி ஏறின காலத்தில் அதுவும் போயிற்று. இப்போது யாரோ ஒருவருடைய நாட்டில் யாரோ ஒருவருடைய களஞ்சியத்தில் பெட்டி எண்ணப் போயிருக்கிறாய். உன் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் போகிறார்கள், அதற்கு நான் எப்படிக் காரணமாவேன் என்று என்னை நானே சமாதானப்படுத்திப் பார்த்தேன். சமாதானமாகவில்லை. நீ போனதில் என் பங்கு எவ்வளவென்று எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்று வந்து அப்பா கட்டின வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வெளியே என்ன நடந்திருக்கிறதென்று பார்த்தேன். புல் பிடுங்க ஆளில்லை என்று எல்லா மலைக்கும் மருந்து அடிக்கிறார்கள். மழை பெய்தால் அந்த மருந்து தண்ணீர் வடியும் கானுக்குப் போய், கானிலிருந்து ஓடைக்குப் போகிறது. முன்பெல்லாம் வாசல் விளக்கைப் போட்டால் சாப்பிட முடியாது, சோற்றில் பூச்சி விழும். இப்போது விளக்கு எரிகிறது, அதன் கீழே ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை "கொசு இருந்தாப் போதாதா அத்த" என்கிறாள். நான் ஆயுள் முழுக்கப் பிடித்து, கொன்று, ஊசி குத்திப் பத்திரப்படுத்தினேன்; வெளியில் இருப்பவை எப்போதும் வெளியில் இருக்கும் என்ற நம்பிக்கையில் கொன்றேன். இப்போது பெட்டிக்குள் இருப்பவைதான் இருக்கின்றன. இதைச் சொல்லி அழ எனக்கு உங்கப்பாவும் இல்லை.

போன மழைக்கு முன் வெளிநாட்டிலிருந்து ஒரு இளம் ஆராய்ச்சியாளர் எனக்குப் புகைப்படம் ஒன்று அனுப்பினாள். அதே துரை பிடித்த அதே வகைப் பூச்சிகளில் இன்னொன்று அவர்கள் நாட்டு அருங்காட்சியகத்தில் இருந்திருக்கிறது. அதற்கு வால் நுனி இருக்கிறது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அந்த இடுக்கி வேறு, நான் வரைந்த இடுக்கி வேறு. அவருடையது வேறு பூச்சி. நம்முடையது நம்முடையதுதான். உன் பெயர் சரியான பெயர், அதை நான் காரணமில்லாமல் கொன்றிருக்கிறேன். உன் கேள்விதான் சரி.

உடனே நான் வேலை பார்த்த அருங்காட்சியகத்துக்கு ஓடினேன். இழுப்பறையைத் திறந்து காட்டினார்கள். பூச்சி இருந்தது, ஊசி இருந்தது, அட்டை இருந்தது. அட்டையில் வால் நுனி இல்லை. மாவுப் பசையை ராமபாணப் பூச்சி தின்றிருந்தது. பசை போனதும் நுனி எங்கேயோ விழுந்து தூளாகியிருந்தது. பசை இருந்த இடத்தில் அட்டைகூட அரிக்கப்பட்டிருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, அது என் கைவேலை. வெறும் படத்தை வைத்து எப்படி ஒப்புக்கொள்வது, அதே ஓடையிலிருந்து புதிதாக ஒரு ஆண் பூச்சி வேண்டும் என்று ஆய்விதழில் சொன்னார்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

மழை விட்டதும் ஓடைக்கு ஏறத் தொடங்கினேன். முழங்கால் வலியோடு, முடிந்த நாளெல்லாம். ஒன்றும் இல்லை. கீழே மாணிக்கக் கல் தோண்டுகிறவர்கள் குழி மேல் குழியாக ஓடையை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். அனுமதி இருக்கிறதாம். குழியிலிருந்து இறைக்கும் சேற்றுத் தண்ணீர் பீலிக்கு வந்து, பெண்கள் குளிப்பதையே நிறுத்திவிட்டார்கள். நீ புறப்படுவதற்கு முந்தின சாயங்காலம் நான் உனக்காகப் பலகாரம் சுட்டுக் கட்டிக்கொண்டிருந்தபோது மாரியம்மா வந்தாள். "ஏ புள்ள, நாளன்னைக்குக் காலையில மண்ணு தோண்டுற பெக்கோ மெஷின் ஓடைக்குள்ளயே எறங்குதாம். தண்ணியத் திருப்பி விடப் போறாங்களாம். தேடுறதுன்னா நாளைக்கித் தேடிக்க. அதோட அம்புட்டுத்தான்." நாளைக்கு என் மகன் போகிறான் என்றேன். பலகாரத்தில் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டுப் போய்விட்டாள். கட்டின பொட்டலம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, முறுக்கு நமுத்துப் போய்விட்டது.

காலையில் பஸ்சுக்குத்தான் உடுத்திக்கொண்டு கிளம்பினேன், நம்பு. றோட்டுக்கு வந்து நின்றேன். பஸ் வருவதும் தெரிந்தது. விமான நிலையத்துக்கு வந்து உன்னைக் கட்டிப்பிடித்து அழுதால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். நீ போவாய், நான் திரும்பி வருவேன், மறுநாள் ஓடை இருக்காது. உனக்கு நான் செய்ததில் திருத்த முடிந்தது ஒன்றே ஒன்றுதான், அதுவும் அன்றைக்கு மட்டும்தான். இதெல்லாம் நியாயம்தானா என்று இப்போது கேட்டால் எனக்குத் தெரியாது. பட்டுச் சேலையோடு திரும்பி வீட்டுக்கு வந்து வலையை எடுத்தேன்.

குழியில் இருந்த சிங்கள ஆள் பந்துல என்னை முன்பே கண்டிருக்கிறான். பம்ப் சத்தத்துக்கு மேலாகக் கத்தினான். "மொனவத அம்மே ஹொயன்னே? மெனிக்கத?" என்ன தேடுகிறீர்கள், மாணிக்கமா என்று கேட்கிறான். தட்டான் என்று அவன் பாஷையில் சொன்னேன். "பத்கூரெக்த!" தட்டானா என்று சிரித்தான். என் சேலையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், சிரிப்பை நிறுத்திவிட்டான். கல்யாண வீட்டுக்கா என்று கேட்டான். என் மகன் இன்றைக்கு வெளிநாடு போகிறான் என்றேன். அவனுடைய அண்ணனும் கொரியாவுக்குப் போனவன்தானாம், அவர்கள் அம்மா அவனை ஏற்றிப்போன வான் வண்டியின் பின்னாலேயே ஓடினாளாம். பிறகு அவனாகவே போய் பம்ப்பை நிறுத்தினான். "சாப்பாட்டு நேரம் வரைக்கும் போடமாட்டோம், அம்மே" என்று பாதித் தமிழில் சொன்னான். அதற்கு மேல் அவனால் என்ன செய்ய முடியும்? அவனும் கூலிக்கு வெட்டுகிறவன்.

சத்தம் நின்றதும் ஓடை கொஞ்சம் ஓடை மாதிரி ஆனது. வழுக்கும் கல்லில் கையை ஊன்றி, அந்தப் பழைய வேர் இருந்த இடத்துக்கு மேலே ஏறினேன். ஏறும்போது உன்னிடம் பேசிக்கொண்டேதான் ஏறினேன். எனக்குப் புத்தி சொல்லத் தகுதியில்லை, இருந்தாலும் உன் மகளுக்காக ஒன்று சொல்லுகிறேன். அவள் நல்லதாக ஒன்று செய்தால், அந்த ஊர்க்காரர்கள் முன்னால் வாய் விட்டுச் சொல். அவள் காது கேட்கச் சொல். பெற்றவன் சொல்வது எடுபடாது என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும். ஊராருக்கு நியாயமாக இருக்கப் போய்ச் சொந்தப் பிள்ளைக்கு அநியாயம் செய்கிறவர்களை உலகம் நல்லவர்கள் என்று சொல்லும். அந்தப் பெயரை நம்பிவிடாதே. எனக்கு அந்தப் பெயர் நிறையக் கிடைத்தது.

வெயில் உச்சிக்கு வந்தபோது பாறைக்கு உள்பக்கம், தண்ணீர் சொட்டும் இருட்டில், ஒரு வேரில் அது உட்கார்ந்திருந்தது. கறுப்பு உடம்பு, நுனியில் நீலம். ஆண். முதல் வீச்சில் வலைக்குள் விழுந்தது. இத்தனை வருட வேலை கையில் இருந்தது. சிறகு நான்கையும் சேர்த்து இரண்டு விரலுக்கு நடுவில் பிடித்தேன். கால்களால் என் நகத்தைப் பற்றிக்கொண்டது. இந்தப் பருவம் முழுக்கத் தேடி நான் கண்டது இது ஒன்றுதான். பெண் ஒன்றுகூட இல்லை. அப்போதுதான் பைக்குள் போன் அடித்தது. ஒரு கையால் எடுத்துப் பார்த்தேன். நீ.

அது அடித்து ஓய்ந்த பிறகு பூச்சியை அசிட்டோன் போத்தலுக்குள் விட்டேன். நிறம் போகாமல் இருக்க அப்படித்தான் செய்ய வேண்டும். கீழே வந்து பந்துலவுக்கு நன்றி சொன்னேன். "ஹம்பவுனாத?" கிடைத்ததா என்று கேட்டான். கிடைத்தது என்றேன். அவன் சந்தோஷப்பட்டான். வீட்டுக்கு வந்து லென்சுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். நான் அன்றைக்கு வரைந்த படத்தில் ஒரு கோடும் பிழையில்லை. மறுநாள் பெக்கோ இறங்கியது. அதற்கு மறுநாள் போய்ப் பார்த்தேன், வேர் இருந்த பாறையே இல்லை, மஞ்சள் தண்ணீர் வேறு பக்கம் ஓடியது. கட்டுரையை எழுதி அனுப்பிவிட்டேன். ஒப்புக்கொண்டார்கள். உன் பெயர் இனி எவராலும் நீக்க முடியாதபடி நிற்கும். எங்கே வாழ்கிறது என்ற இடத்தில் என்ன எழுதுவது என்றுதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நீ கூப்பிட்டதைப் பார்க்காமல் விட்டேன் என்று நினைக்காதே. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், அது நிற்கும் வரைக்கும். எடுத்திருந்தால் எங்கே இருக்கீங்க என்று கேட்டிருப்பாய். எனக்குப் பொய் வராது. தட்டானைக் கையில் வைத்திருக்கிறேன், வேறு இல்லை, இது ஒன்றுதான் என்று சொல்லியிருப்பேன். "விட்டுடுங்கம்மா, பேரு யாருக்கு வேணும்" என்று நீ சொல்லியிருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். அதனால்தான் எடுக்கவில்லை.

அம்மா